மூன்றாம் நம்பர் மண்

ஜூன் 9

டீச்சர் இரண்டு நோட்டு கொடுத்தார். ஒன்று வேலைக்கு. அதில் கோடு கிழித்து மூன்று பத்தி பிரித்திருக்கிறார்: மழை, மிருகம், மனிதன். காட்டில் எவ்வளவு மழை, எந்த மிருகம் வந்து கிளறியது, எந்த மனிதன் வந்து மிதித்தான், எல்லாவற்றையும் தினமும் எழுத வேண்டும். இரண்டாவது நோட்டு, முதல் நோட்டு நனைந்துபோனால் எழுத. அது நனையும்போது பார்த்துக்கொள்ளலாம். இது எனக்கு.

நான் சங்கிலிமுத்து. வயது அறுபத்தொன்பது. படிப்பு ஐந்தாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியை வாத்தியார் நாற்காலியில் பலாப்பால் தடவித் தொலைத்தேன். நாற்பத்தொரு வருஷம் தேயிலைக்கு மருந்தடித்துவிட்டு இப்போது மண்ணுக்குக் காவல்.

எஸ்டேட்டை ஒட்டிய காட்டில் எட்டு இடம் பிரித்து, ஒவ்வொன்றிலும் நான்கு பிளாஸ்டிக் வளையத்தை மண்ணில் இறக்கியிருக்கிறார் டீச்சர். வளையத்தை மூடியால் மூடிவிட்டு, கால் மணிக்கு ஒரு தடவை உள்ளே இருக்கிற காற்றைச் சிரிஞ்சில் இழுத்துக் குப்பியில் அடைக்கிறார்.

"எதுக்கு டீச்சர் இது?" என்றேன்.

"நைட்ரஜன்னு ஒண்ணு இருக்குல்லாய்யா, நம்ம யூரியாவுல இருக்குதே, அதுதான். இலை விழுந்து அழுகி மண்ணுக்குள்ள போவுது. மண்ணுல இருந்து மரத்துக்குப் போவுது. கொஞ்சம் வாயுவா வெளிய போயிருது. எவ்வளவு வருது, எவ்வளவு போவுதுன்னு அளக்கேன்."

"மண்ணு குசு விடுறதப் புடிச்சு அளக்குறேன்னு சொல்லுங்க."

ஜீப் டிரைவர் அனீபா ஸ்டியரிங்கில் தலையை முட்டிச் சிரித்தான். டீச்சர் முறைத்தார். பிறகு அவருக்கும் உதடு கோணியது.

ஜெசிந்தா டீச்சருக்கு நாற்பத்து மூன்று வயது. திருச்செந்தூர் பக்கம். கொக்கு மாதிரி கால். ஒரு காலேஜில் பாடம் நடத்திக்கொண்டே ஒன்பது வருஷமாக டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். செப்டம்பர் முப்பதுக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். அதற்கு மேல் தவணை கிடையாது. இந்த மழைக்காலத்துக் கணக்குதான் பாக்கி.

ஜூன் 11

அட்டை. கண் இமையில். ச்சீ.

ஜூன் 14

தொப்புளுக்குள் அட்டை புகுந்தால் தெரியாது. சாயங்காலம் வேட்டியை அவிழ்க்கும்போது கொழுத்த திராட்சைப் பழம் மாதிரி உருண்டு விழும். என் வீட்டுக்காரி பேச்சி அதைப் பார்த்துவிட்டு, சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இன்று டீச்சரிடம் எட்டாம் நம்பர் பக்கத்துப் பாறையைக் காட்டி, "வெள்ளிக்கிழமையானா கரடி வந்து இதுல உக்காந்து முதுகு சொறியும்" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நேரம் கேட்டார். "பதினொண்ணே கால்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அனீபா ஜீப்பில் வைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

"நெசமாவே எழுதிட்டேனேய்யா! கரடிக்கல்லுன்னு பேரு வேற வச்சிட்டேன். இனிமே நீங்க சொல்லுத எதையும் நம்ப மாட்டேன், பாத்துக்கிடுங்க."

திரும்பி வரும்போது ஜீப்பில் டீச்சர் குறட்டை விட்டார். மரம் அறுக்கிற மாதிரி.

ஜூன் 19

பன்றி.

மூன்றாம் நம்பரைக் கிளறி, வளையம் இரண்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறது. வளையம் இருந்த குழியில் புழு நெளிகிறது. பன்றி எச்சிலும் மண்ணும் குழைந்து, சளி மாதிரி கிடக்கிறது. டீச்சர் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது கேலி பேசித் தேற்றியிருப்பேன்.

"எட்டு எடம் இருந்தாத்தான் கணக்கு நிக்கும்னு காகிதத்துல எழுதிக் குடுத்திருக்கேன். வேலி போடவும் பாரஸ்ட் ஆபீசுல விட மாட்டாங்க. இன்னொரு தடவ கிளறிச்சின்னா அம்புட்டுதான்யா, ஒம்பது வருசமும் போச்சு."

"பன்னிய நான் பாத்துக்கிறேன் டீச்சர்."

"எப்படி?"

"அது என் வேலை."

ஜூன் 20

எஸ்டேட்டில் எங்களுக்குக் கொடுத்த லைன் வீட்டுக்குப் பின்னால் சேனைக்கிழங்கு போட்டிருக்கிறேன். பன்றி அதைத் தொடுவதில்லை. காரணம் கக்கூஸுக்குப் பின்னால் இருக்கும் கேன். பழைய எண்ணெய்க் கேன். ஒன்றுக்கு வந்தால் அதில் போய்க்கொள்வேன். பத்து நாள் மூடி வைத்தால் முறுக்கேறி, திறக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். அதைச் சுற்றி ஊற்றினால் பன்றி மனித வாடைக்குப் பயந்து கிட்டே வராது. என் மாமனார் காட்டிய வழி. அந்த ஆள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

காலை ஆறு மணிக்கே கேனைத் தூக்கிப்போய் மூன்றாம் நம்பரைச் சுற்றி ஊற்றினேன். அது சரிவான இடம். மேட்டுப் பக்கம் கூடக் கொஞ்சம் ஊற்றினேன், மழை தானே கீழே இறக்கிக்கொண்டு போகும், என் முதுகு மிச்சம். கை, முழங்கால் எல்லாம் தெறித்தது. கருமம்.

டீச்சர் எட்டு மணிக்கு வந்து, பிடுங்கிய இடத்தில் புது வளையம் இரண்டை இறக்கினார். கேனைப் பற்றிச் சொல்லவில்லை. டாக்டர் பட்டம் வாங்கப் போகிற பொம்பளையிடம் சொல்கிற சமாச்சாரமா இது?

வேலை நோட்டு: மழை 41 மி.மீ. மிருகம் இல்லை. மனிதன் இல்லை.

ஜூன் 23

மழை. கேன் வேலை முடிந்தது. அரைக் கேன்.

ஜூன் 26

அரைக் கேன். மழை கழுவிக்கொண்டே போகிறது. வாரம் இரண்டு தரம் ஊற்றினால்தான் தாக்குப்பிடிக்கும். நிறையத் தண்ணீர் குடிக்கிறேன். பேச்சி கேட்டாள்: "யோவ் மனுசா, காட்டுக்குப் போற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கக்கூஸ்லயே குடியிருக்கியே, சக்கரையா?" உத்தியோகம் என்றேன்.

ஜூன் 28

பன்றி நான்காம் நம்பர் வரை வந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. குளம்புத் தடம் சாட்சி. மூன்றாம் நம்பரில் ஒரு இலை அசையவில்லை. எஸ்டேட்டில் நாற்பத்தொரு வருஷம் எவனும் பாராட்டியதில்லை. டீச்சர் இன்று, "ஐயா, நீங்க இல்லேன்னா நான் இல்ல" என்றார்.

"பன்னிகிட்ட சொல்லிட்டேன் டீச்சர். டீச்சரம்மா படிக்குது, சத்தம் போடாதேன்னு."

ஜூலை 1

அரைக் கேன்.

டீச்சர் மூன்றாம் நம்பரில் குனிந்து மண் எடுக்கும்போது மூக்கைச் சுளித்தார். "இங்க மட்டும் என்னய்யா ஒரு வாடை?"

"மரநாய் டீச்சர். அடையாளம் வச்சுட்டுப் போகும்."

அவர் வெறுங்கையால் மண்ணை உடைத்து வேரைப் பொறுக்கினார். கையுறை போட்டால் சின்ன வேர் விரலுக்குத் தெரியாதாம். அதே கையைப் பாட்டில் தண்ணீரில் ஒப்புக்கு நனைத்துவிட்டு எலுமிச்சைச் சோறு சாப்பிட்டார். எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 4

மண்ணை உப்புத் தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, அதில் ஒரு மருந்தை விட்டால் ரோஸ் நிறம் வரும். நிறம் கெட்டியாக வந்தால் நைட்ரஜன் அதிகம். டீச்சர் தங்கியிருக்கிற ஷெட்டில் எட்டுக் குழாயையும் வரிசையாக நிறுத்தினார். ஏழு குழாயில் ரோஸ் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு இருந்தது. மூன்றாம் குழாயில் பீட்ரூட் சாறு.

டீச்சர் கழுவிவிட்டுத் திரும்பச் செய்தார். பீட்ரூட். வேறு மருந்துப் பாட்டிலைத் திறந்து செய்தார். பீட்ரூட்.

"ஐயா, இது என்னமோ பெரிய விசயம்யா" என்றார். "அந்த எடத்துல நிக்க மரமா, வேருல இருக்க கிருமியா, என்னமோ ஒண்ணு காத்துல இருந்து நைட்ரஜன இழுத்துக் கொட்டுது. இப்படி ஒரு அளவு நான் எங்கயும் படிச்சதே இல்ல."

என் முதுகில் ஏதோ ஒன்று ஊர்ந்தது. அட்டையாக இருக்கும் என்று சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். அட்டை இல்லை.

ஜூலை 5

முக்கால் கேன். டீச்சருக்கு ராசியான இடம். பன்றி தொட்டுவிடக் கூடாது.

ஜூலை 8

அனீபா ஜீப் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டே வருகிறான். "பெருசு, உன்மேல என்னமோ செத்துக் கிடக்குற நாத்தம்."

"உன் மீசைக்குள்ள தேடிப் பாரு."

டீச்சர் முன்சீட்டில் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு வயது பத்து குறைகிறது. அரைக் கேன்.

ஜூலை 12

கோயம்புத்தூருக்கு அனுப்பிய குப்பிகளின் கணக்கு வந்துவிட்டது. மூன்றாம் நம்பர் மண் மற்ற மண்ணைப் போல ஒன்பது மடங்கு வாயு விடுகிறதாம். டீச்சர் அல்வா வாங்கி வந்திருந்தார். அனீபாவுக்கு ஒரு துண்டு, எனக்கு இரண்டு துண்டு. அவருடைய பேராசிரியரே நேரில் வந்து பார்க்கப் போகிறாராம்.

"அப்ப நாம நெனச்சது சரிதானா டீச்சர்? மரம்தானா?"

"வேற எதுவா இருக்க முடியும்? மொதல்ல நான் மிருகம்னுதான் சந்தேகப்பட்டேன். மூத்திரத்துல நைட்ரஜன் மண்டிக் கெடக்கும்யா. ஒரு காட்டுமாடு நின்னு ஒரு தடவ பேஞ்சிட்டுப் போனாலே ரெண்டு மாசத்துக்கு அந்த மண்ணு தப்பான கணக்குதான் சொல்லும். மரநாய் ஒரு சொட்டு விடுததெல்லாம் இதுக்குக் காணாது. ஆனா நீங்கதான் தெனமும் எழுதியிருக்கீயளே, மிருகம் இல்ல, மனுசன் இல்லன்னு. பேராசிரியர்ட்டயும் சொல்லிட்டேன். எங்கிட்ட ஐயாவோட நோட்டு இருக்கு, அதுதான் எனக்குச் சாட்சின்னு."

அல்வா வாயில் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நெய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சோப்பு மாதிரி இருந்தது. ஜீப்புக்குப் பின்னால் போய்த் துப்பினேன். எறும்புகூட உடனே வரவில்லை.

ஜூலை 13

கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். பன்றி வந்தால் வரட்டும்.

ஜூலை 14

பன்றி வரவில்லை. வர வேண்டிய நேரத்தில் வருகிற ஜாதியா அது.

ஜூலை 16

சொல்லிவிட்டேன்.

காட்டுக்குப் போகிற வழியில், ஜீப்பில், அனீபாவும் இருக்கும்போதே சொன்னேன். தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை.

"டீச்சர், மூணாம் நம்பர்ல மரமும் இல்ல கிருமியும் இல்ல. நான்தான் பேஞ்சேன்."

டீச்சர் அனீபாவைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அனீபா வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தான்.

"பதினொண்ணே காலுக்கா?" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கரடிகூட சேந்து பேஞ்சீயளா, தனியாவா?"

"நெசமா டீச்சர். கேன்ல வச்சு..."

"கேன்ல வேறயா! யய்யா, என்னால முடியல. பேராசிரியர் வரும்போது தயவுசெஞ்சு இதச் சொல்லிராதீங்க. அவருக்குச் சிரிக்கத் தெரியாது."

அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கும் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். இறங்கி நடக்கும்போது என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஜூலை 17

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 21

பேராசிரியர் வந்தார். வெள்ளை ஷூ. பத்தடிக்கு முன்னாலேயே சென்ட் வாசனை. அட்டைக்குப் பயந்து ஒவ்வொரு அடிக்கும் காலை உதறினார், சுடுமணலில் நிற்கிற மாதிரி. என்னைப் பார்த்து, "வாட்ச்மேனா?" என்று டீச்சரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

மூன்றாம் நம்பர் வந்ததும் ஆள் மாறிவிட்டார். முழங்காலிட்டார். இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ஜெசிந்தா, இந்த வாசனையப் பாருங்க. இதுதான் கன்னிக் காடு!"

எனக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. சிரிப்பா வாந்தியா என்று தெரியவில்லை. மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். வாந்திதான். காலையில் சாப்பிட்ட ரொட்டி அப்படியே வந்தது. அதன் மேல் இரண்டு அட்டை ஏறி நின்று தலையை ஆட்டிப் பார்த்தன. தூ.

போகும்போது அவர் சொன்னார்: "மத்த ஏழும் சாதாரணம். எல்லாரும் எழுதினதுதான். மூணாம் நம்பர மட்டும் வச்சு தீசிஸ மாத்துங்க. டிசம்பர் மாநாட்டுல நானே இதப் பத்திப் பேசுறேன்."

டீச்சர் முகத்தில் ஒன்பது வருஷக் களைப்பும் அப்படியே வழிந்து போனது. கல்யாணப் பெண் மாதிரி நின்றார். நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 23

கவிழ்த்த கேனைத் திரும்ப நிமிர்த்தினேன். ஒரு நாள் சரக்குப் போதாது. பக்கத்து வீட்டுக் கிழவனிடமும் கேட்டு வாங்கினேன். எதற்கென்று அவன் கேட்கவில்லை. இந்த வயதில் எங்களிடம் யாரும் எதையும் கேட்டு வாங்குவதில்லை, அந்த மகிழ்ச்சியே அவனுக்குப் போதும்.

ஜூலை 24

எட்டு இடங்களையும் விட்டு வெகு தூரம் தள்ளி, சரிவுக்குக் கீழே, பன்றி பிடுங்கிப் போட்ட பழைய வளையம் இரண்டையும் மண்ணில் இறக்கினேன். டீச்சரைக் கூட்டிப்போனேன். கரடிக்கல்லின் குட்டி ஒன்று இருக்கிறது, வாருங்கள் என்று பொய் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"இந்த மண்ணக் கொஞ்சம் எடுத்து வச்சுக்குங்க டீச்சர்."

எடுத்தார். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கேனைத் திறந்து ஒரு வளையத்துக்குள் ஊற்றினேன். இன்னொன்றைச் சும்மா விட்டேன். வாடை எழுந்தது. டீச்சர் சேலை முந்தானையால் மூக்கைப் பொத்தினார். பிறகு மெதுவாக முந்தானையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை முகர்ந்தார். முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியாக இருந்தது.

"மரநாய்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தன தடவய்யா?"

"வாரம் ரெண்டு."

"எப்பருந்து?"

"பன்னி வந்த மறுநா."

டீச்சர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் மண். ஓடைக்குப் போய் உட்கார்ந்து கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி கழுவினார். நான் எண்ணவில்லை. அட்டை அவர் கழுத்தில் ஏறுவது தெரிந்தது. கிட்டே போய் எடுத்துவிட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

ஜூலை 31

ஒரு வாரம் கழித்து இன்று குழாய். ஊற்றாத வளையம்: தண்ணீர் நிறம். ஊற்றிய வளையம்: பீட்ரூட்.

டீச்சர் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாப்பத்து மூணு வயசுல, காலேஜுல லீவு போட்டு, பிள்ளையள அம்மாட்ட விட்டுட்டு வந்து, உங்க மூத்திரத்த அளந்துட்டு இருந்திருக்கேன். அதக் கொண்டு போய்க் காட்டி அல்வா வேற வாங்கிக் குடுத்திருக்கேன்."

கேலி பேச ஒரு இடம் இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2

டீச்சர் பேராசிரியரிடம் போனில் சொன்னார். கை முழுக்கச் சேறு, அதனால் போனை ஜீப் பானட்டில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார். எனக்கும் அனீபாவுக்கும் கேட்டது.

"ஒரு வாட்ச்மேன் ஒளறுறான்னு ஒரு சீசன் வேலையத் தூக்கிப் போடுவீங்களா?" என்றது போன்.

"நானே சோதிச்சுப் பாத்துட்டேன் சார். அதே நிறம் வருது."

"உங்களத் தவிர யாருக்குத் தெரியும்? நோட்டுல என்ன எழுதியிருக்கு? மனிதன் இல்ல. எழுத்துல இருக்கறதுதான் சாட்சி. செப்டம்பர் முப்பது ஞாபகம் இருக்கட்டும்."

என் கேனை மூடி போட்டு வைப்பேன். இந்த ஆளுக்கு மூடியே கிடையாது. அனீபா தரையில் காறித் துப்பினான். நான் அதுகூடச் செய்ய முடியாமல் நின்றேன். அவர் சாட்சி என்று சொன்னது என் கையெழுத்தை.

டீச்சர் போனை வைத்துவிட்டு, "யோசிக்கேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5

டீச்சர் லைன் வீட்டுக்கு வந்தார். பேச்சி டீ கொடுத்தாள். நான் கொடுத்திருந்தால் குடித்திருக்க மாட்டார்.

"மூணாம் நம்பரத் தள்ளிருதேன்" என்றார். "ஆனா அது மட்டும் காணாதுய்யா. தெனமும் மனுசன் இல்லன்னு எழுதின நோட்டு பொய்யின்னா, மத்த ஏழு எடத்துக்கும் அதே நோட்டுதான சாட்சி? அதுவும் பொய்யாத்தான் போவும். எந்தத் தேதியில, எந்தப் பக்கத்துல, எவ்வளவுன்னு இருந்தா, எங்க வரைக்கும் ஓடியிருக்கும்னு கணக்குப் போட்டு மத்ததக் காப்பாத்திரலாம். இல்லேன்னா எட்டும் போச்சு. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"கொஞ்சம் கொஞ்சம்..."

"ஞாபகம் எதுக்கும்மா?" என்றாள் பேச்சி. "தெனம் சாயங்காலம் ஒரு நோட்டுல கிறுக்கிட்டே இருக்காரே. நீங்க குடுத்ததுதான். அத வாங்கிப் பாருங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். கொக்கு மீனைப் பார்க்கிற மாதிரி.

"அதுல சும்மா கேலியும் கூத்தும்தான் டீச்சர் இருக்கு."

"அதக் குடுங்க."

"நாளைக்குத் தர்றேன்."

ஆகஸ்ட் 6

முழுவதையும் படித்துப் பார்த்தேன். கேன் தேதி எல்லாம் இருக்கிறது. கொக்குக் காலும் இருக்கிறது. குறட்டையும் இருக்கிறது. கிழிக்கலாமா என்று பிளேடை எடுத்தேன். கிழித்த நோட்டை யார் நம்புவார்கள்? அந்த வெள்ளை ஷூக்காரர் முதலில் பக்கத்தைத்தான் எண்ணுவார். பிளேடை வைத்துவிட்டேன்.

டீச்சர், ஜூலை 17ஆம் தேதியைப் பாருங்கள். எழுத ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். முந்தின நாள் நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். உண்மையைச் சொல்லியும் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம். காலையில் நீங்கள் வருமுன் ஐந்தாம் நம்பருக்குப் போனேன். ஓடைப் பக்கம் இருக்கிற வளையத்தில் நேராகவே நின்று அடித்தேன். அங்கே பன்றியும் இல்லை, காவலும் இல்லை. வெறும் கெட்ட புத்தி. இதைப் பேச்சியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஒரு வளையத்தையும் தள்ளிவிடுங்கள்.

இந்த நோட்டில் வேறு பொய் இல்லை. கரடி தவிர.

ஆகஸ்ட் 10

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பரீட்சைப் பேப்பர் மாதிரி சிவப்பு மையால் அங்கங்கே திருத்தியிருக்கிறார். தேதிகளுக்கு அடியில் கோடு. எழுத்துப் பிழைக்கு வட்டம். ஜூன் 14இல், குறட்டைக்குப் பக்கத்தில்: "அன்று குறட்டை விட்டது நீங்கள். அனீபாவைக் கேளுங்கள்." கொக்குக் கால் வந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும். ஜூலை 17க்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. மை ஒரு புள்ளியாக ஊறி நின்றிருந்தது, பேனாவை வைத்துவிட்டு எடுத்த மாதிரி.

பிறகு வேலை நோட்டை என் முன்னால் வைத்தார். "திருத்தி எழுதுங்க. அடிச்சு எழுதுனது தெரியணும். பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

மனிதன் பத்தியில் 'இல்லை'யை அடித்து எழுதினேன்: சங்கிலிமுத்து, அரைக் கேன், மேட்டுப் பக்கம். அடுத்த வரி: சங்கிலிமுத்து, அரைக் கேன். அடுத்தது. அதற்கு அடுத்தது. ஒரு மனிதன் தன் பெயரை இத்தனை தடவை இப்படி எழுதக் கூடாது. கடைசியில் ஐந்தாம் நம்பர் வந்தபோது, "அளவு?" என்றார் டீச்சர், தலையைத் தூக்காமல்.

"வயசுக்குத் தக்கன டீச்சர்."

அவர் உதடு கோணியது. உடனே சரி பண்ணிக்கொண்டார்.

செப்டம்பர் 28

டீச்சர் தீசிஸை அனுப்பிவிட்டார். ஏழு இடம், அதிலும் ஒரு வளையம் குறைவு. மூன்றாம் நம்பரைத் தள்ளியதற்குக் காரணம் என்ன என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாராம், என் பெயரோடு. பேராசிரியர் கையெழுத்துப் போட மூன்று நாள் இழுத்தடித்துவிட்டுப் போட்டார். எட்டு என்று சொல்லி ஏழு கொடுத்ததற்குப் பட்டம் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் இன்றும் நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கவில்லை. அனீபாவின் பாட்டிலை வாங்கிக் குடித்தார்.

செப்டம்பர் 29

சாமான்களை எடுக்கக் காட்டுக்குப் போனோம். மூன்றாம் நம்பரில் நான்கு வளையத்தையும் பன்றி பிடுங்கிப் போட்டிருக்கிறது. நான் வாரம் இரண்டு முறை சுமந்து ஊற்றிய மேட்டுப் பக்கத்தில்தான் புரண்டு எழுந்திருக்கிறது. போகிற போக்கில் அதுவும் ஒன்றுக்கு அடித்துவிட்டுப் போயிருக்கிறது.

வேலை நோட்டில் கடைசி வரி. மழை 6. மிருகம்: பன்றி, அளவு தெரியவில்லை. மனிதன்: இல்லை.

டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, என் மூஞ்சியையும் பார்த்தார்.

"நெசமா?"

"நெசமா டீச்சர். காலையிலேயே வீட்ல போயிட்டு வந்துட்டேன்."